முகம் பார்க்க வருபவர்

போன மாதம் வாசிகசாலைக்காரர் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். பழைய காலத்து நகைச்சுவை மன்னர் ஒருவருக்கு விழா எடுக்கிறார்களாம். விழா மலரும் போடுகிறார்களாம். அவருடைய வாரப் பத்திரிகையை ஒன்பது வருடம் அச்சுக்கோத்தவன் நான் என்பதால் ஒரு கட்டுரை தர வேண்டுமாம். "அவரிட பகிடியெல்லாம் உங்களுக்குப் பாடமாயிரிக்கும் ஐயா" என்றார் ஒருவர். பாடம்தான். அவர்களுக்கு வேண்டிய மாதிரி ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன், முழுக்கப் புகழ்ச்சி. இது அந்தக் கட்டுரை அல்ல. பேரை மட்டும் எழுதமாட்டேன். எழுதினால் அவர் எங்கிருந்தாலும் சந்தோஷப்படுவார். அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

அவருக்கு முன்னால் கராம்பு மணம் வரும். வெற்றிலை போடமாட்டார், சுருட்டுக் குடிக்கமாட்டார், கள்ளுத் தவறணைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். எந்நேரமும் கடைவாயில் ஒரு கராம்பு. புளியந்தீவில் வாவிக்கரையோடு இருந்த எங்கள் அச்சுக்கூடத்தின் படியில் அவர் கால் வைக்கும்போதே எனக்கு மணம் தட்டும். இந்த வாரம் யாருடைய மானம் கப்பலேறப் போகிறதோ என்று நினைத்துக்கொள்வேன். மெலிந்த ஆள். முழங்கையில் ஒட்டுப் போட்ட வெள்ளைக் கோட்டு, நசுங்கின தொப்பி, கோட்டின் உள்பையில் ஒரு மூக்குக்கண்ணாடி.

அந்தக் கண்ணாடியைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. எழுதும்போது அதைப் போடமாட்டார். அச்சுப்படி திருத்தும்போதும் போடமாட்டார். தாளை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு, விழுந்துபோன ஒரு புள்ளியையும் வெறுங்கண்ணால் பிடித்துவிடுவார். கண்ணாடி ஒரே ஒரு வேலைக்குத்தான். யாரையாவது ஏமாற்றி, அந்த ஆளுக்கு விஷயம் விளங்கப்போகிற நேரத்தில், அதை எடுத்து வேட்டித் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு முகத்தைப் பார்ப்பார். கிட்டப் போய், கையைப் பிடித்துக்கொண்டு, சொந்தக்காரன் போல நின்று பார்ப்பார்.

"எழுதுறது ஆரும் எழுதலாம் தம்பி" என்பார் என்னிடம். "முகத்தப் பாக்காட்டி அது என்ன பகிடி? சோத்த ஆக்கி வெச்சுப்போட்டுத் தின்னாமப் போற மாதிரி."

போடியார் ஒருவர் இருந்தார். எங்கள் பக்கத்தில் பெரிய வயற்காரரைப் போடியார் என்போம். ஒரு முழு வட்டையில், வயல்வெளியில், பாதி அவருடையது. நெல்லுக்கும் குறைவில்லை, மாட்டுக்கும் குறைவில்லை, பேருக்கு முன்னால் ஒரு பட்டம் இல்லை என்பதுதான் குறை. அரசருடைய பிறந்தநாளுக்குப் பட்டப் பட்டியல் வரும்போதெல்லாம் ஆள் விட்டுப் பத்திரிகை எடுப்பித்து, தன் பேரைத் தேடித் தேடி இளைத்துப்போவார். ஒருநாள் அவருக்குத் தடித்த உறையில் ஒரு கடிதம் போயிற்று. அரக்கு முத்திரை வைத்த கடிதம். அரக்கை உருக்கியவன் நான், முத்திரை எங்கள் பத்திரிகைக்காரருடைய கோட்டுப் பொத்தான். மேன்மைதங்கிய தேசாதிபதியின் படகு இன்ன நாள் வாவி வழியாகப் போகும், பட்டத்துக்குத் தேர்ந்தவர்கள் கரையில் கோட்டும் தலைப்பாகையுமாக நிற்க வேண்டும், குடை பிடிக்கக் கூடாது, படகிலிருந்து யாராவது கையசைத்தால் மூன்று தரம் குனிய வேண்டும் என்று எழுதியிருந்தது.

போடியார் காலை எட்டு மணிக்கே வந்து நின்றார். கறுத்தக் கோட்டு, சரிகைச் சால்வை, பின்னால் வயற்காரர் இரண்டு பேர். மேன்மைதங்கியவர் வரவில்லை. உச்சி வெயில் நேரத்தில் சுண்ணாம்பு ஏற்றிய வள்ளம் ஒன்று வந்தது. அதில் இருந்தவன், அவனுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தது, தலைத்துண்டை அவிழ்த்து அசைத்தான். போடியார் சுண்ணாம்பு வள்ளத்துக்கு மூன்று தரம் குனிந்தார். மூன்றாம் தரம் நிமிரும்போது பக்கத்தில் கராம்பு மணம். "ஐயோ போடியார், இந்த வெயிலுக்குள்ள ஏன் நிக்கிறீங்க?" என்று குடையை விரித்துப் பிடித்தபடி அவர் நின்றார், கண்ணாடியோடு.

நான் வயிறு நோகச் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வரும். பட்டத்துக்கு நாக்கைத் தொங்கப்போட்டு அலைந்த ஆளைப் பார்த்துச் சிரித்ததற்கு எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

பத்திரிகையில் ஜனங்கள் முதலில் வாசிப்பது கடைசிப் பக்கத்தை. அங்கே 'திருத்தம்' என்று ஒரு பகுதி. மற்றப் பத்திரிகைக்காரர் பிழை விட்டால் திருத்தம் போடுவார்கள், இவர் அடிப்பதற்காகத் திருத்தம் போடுவார். 'சென்ற இதழில், புதுக் கிணற்றைத் திறந்துவைத்த கனவான் நீண்ட உரை ஆற்றினார் என எழுதியிருந்தோம். கிணற்றில் தண்ணீர் இல்லை என்பதை எழுதத் தவறினோம். உரை அதை நிரப்பிவிடும் என நம்பியிருந்தோம். வருந்துகிறோம்.' இன்னொரு வாரம்: 'இன்ன வைத்தியரிடம் போன நோயாளி பூரண சுகமடைந்தார் என எழுதியிருந்தோம். இடையில் அவர் வைத்தியரை மாற்றியதை நாம் அறிந்திருக்கவில்லை.' வாரா வாரம் வரும் பகுதி என்பதால் அந்தத் தலைப்பின் ஈய எழுத்துகளை நான் பிரிப்பதே இல்லை. பூவேலைக் கரையோடு சேர்த்து, நூலால் கட்டி, தட்டில் ஓர் ஓரமாக வைத்திருப்பேன். திருத்தத்தில் வருவதைத் தலைகீழாக வாசிக்க வேண்டும் என்பது வாவியின் இரண்டு கரையிலும் எழுத்துத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். எழுத்துத் தெரியாதவர்களுக்கும் தெரியும்.

எனக்கு முதன்முதலில் அருவருப்புத் தட்டியது ஒரு சட்டம்பியார் விஷயத்தில். சட்டம்பியார் என்றால் எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூட ஆசிரியர். இந்த மனுஷன் பாவம், ஒருவர் வம்புக்கும் போகாதவர். கலியாண வீடுகளுக்கு வாழ்த்துப்பா எழுதுவார். பா நன்றாயிராது. அதற்காக யாரும் கலியாணத்தை நிறுத்தியதில்லை. இந்தியாவில் ஒரு புலவர் சபை அவருடைய பாக்களைக் கேள்விப்பட்டுப் பொன்னாடை அனுப்பப் போவதாக ஒரு கடிதம் அவருக்குப் போயிற்று. தன் கையெழுத்து தெரிந்துவிடக் கூடாது என்று எங்கள் பத்திரிகைக்காரர் என்னைக் கொண்டு எழுதுவித்தார். நானும் எழுதினேன்.

நாலாம் நாள் சட்டம்பியார் அச்சுக்கூடத்துக்கு வந்தார், புதுச் சால்வையோடு, கையில் ஒரு முட்டி எருமைத் தயிரோடு. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் போட வேண்டுமாம், பத்துப் பிரதி வேண்டுமாம். தயிர் எங்களுக்காம். அவர் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். போட்டார். சட்டம்பியாரின் கையைப் பிடித்தார்.

"சட்டம்பியார், அப்பிடி ஒரு சபை இந்தியாவில இல்ல. அது நாங்க எழுதின கடிதம்."

சட்டம்பியார் சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்தார். "அதுக்கென்ன, தயிரத் தின்னுங்க" என்றார். "முட்டிய மட்டும் தாங்க. அது பொஞ்சாதிட."

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பானை சட்டியும் பெண்ணுடையவை. ஆண் அங்கே போய் இருப்பவன். முட்டியை விட்டுவிட்டு வெறுங்கையோடு போனால் அவர் வீட்டில் காரணம் சொல்ல வேண்டும். தயிரை ஊற்றிவைக்க அச்சுக்கூடத்தில் பாத்திரம் இல்லை, இருந்ததெல்லாம் மைத் தட்டு. ஆகையால் சட்டம்பியார் நின்றார், நாங்கள் இருவரும் அந்தத் தயிரைக் கையால் அள்ளித் தின்று முடித்தோம். நான் தலை குனிந்து தின்றேன். அவர் தின்றார், ரசித்துத் தின்றார், ஒவ்வொரு வாய்க்கும் சட்டம்பியாரின் முகத்தைப் பார்த்தபடி. அதன் பிறகு எந்தக் கலியாணத்திலும் சட்டம்பியாரின் பா வாசிக்கப்படவில்லை.

"அந்தாளுக்கு ஏன் செஞ்சீங்க? பாவமில்லையா?" என்று அன்றைக்குக் கேட்டேன்.

"கொம்புமுறியில வசை பாடுறாங்களே, அது பாவமா?" என்றார். "வடசேரியான் தென்சேரியான்ட ஆத்தா அப்பன் எல்லாரையும் இழுத்துப் பாடுவான். கொம்பு முறிஞ்சா எல்லாரும் தலமுழுகிப்போட்டு ஒண்டாத் தின்னுவாங்க. என்ட பத்திரிகையும் அதுதான்."

கொம்புமுறி, அம்மனுக்காக ஊர் இரண்டு சேரியாகப் பிரிந்து கொம்பைக் கொழுவி இழுத்து முறிக்கிற விளையாட்டு. நல்ல நியாயம்தான். கொம்புமுறியில் மற்றச் சேரியானும் திருப்பிப் பாடுவான் என்பது வீட்டுக்குப் போகிற வழியில்தான் தோன்றியது. ஆனாலும் அடுத்த வியாழக்கிழமை எழுத்துத் தட்டின் முன்னால் நான் நின்றேன். அவர் கொண்டுவருவதை ஊருக்கு முந்தி வாசிப்பவன் நான். அந்தப் பெருமையை விட எனக்கு மனம் வரவில்லை. அவரைத் திட்டுகிற நேரத்தில் என்னையும் ஒரு சொல் திட்டாமல் விட்டால் அது நேர்மையாகாது.

பிறகு இரண்டாம் உலக யுத்தம் வந்தது. கடதாசி தட்டுப்பாடாகி, சீனி சுற்றுகிற மண்ணிறத் தாளில் பத்திரிகை அடித்தோம். பட்டாளம் லொறிகளை எடுத்தது, மாடுகளை எடுத்தது, ஒரு பள்ளிக்கூடத்தையும் எடுத்துக்கொண்டது. இதைப் பகிடி பண்ண அவர் ஓர் அறிவித்தல் எழுதினார். அது என் கையாலேயே கோத்தது, ஆகையால் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது.

'இதனால் சகலருக்கும் அறியத் தருவதாவது: யுத்த தேவையை முன்னிட்டு, வருகிற அமாவாசை தொடக்கம், வாவியில் மிதக்கக் காணப்படும் தோணி, வள்ளம் யாவும் படைக்கு எடுக்கப்படும். ஒரு தோணி உடையோர் கப்டன் என்றும் இரு தோணி உடையோர் அட்மிரல் என்றும் அழைக்கப்படுவர். துடுப்பு இல்லாதோர் அகப்பை கொண்டுவரலாம். எதிரிக் கப்பலைக் கண்டால் முதலில் சுகம் விசாரித்து அதன் பின்னரே சுடுதல் வேண்டும். சுடுவதற்கு எதுவும் தரப்படமாட்டாது.'

பட்டினத்தில் இதை வாசித்துச் சிரிக்காத ஆள் இல்லை. எனக்கும் பெருமை. அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போகும்போது ஒரு பிரதியைக் கையோடு கொண்டுபோனேன். என் வீடு என்றால் என் பெண்சாதியின் வீடு, வாவிக்கு அந்தப்புறம், படுவான்கரையில். வாரம் முழுக்கப் பட்டினத்தில் தங்கி வேலை, சனிக்கிழமை ஆரையம்பதிக் கரையிலிருந்து தோணியில் வீடு. அவளுக்கு அப்போது தலைப்பிள்ளை, எட்டாம் மாதம்.

எங்கள் ஊர் விதானையார், அரசாங்கம் வைத்த ஊர்த் தலைவர், அந்தப் பிரதியைக் கேட்டு வாங்கினார். கோயில் வாசலில் ஊர் கூடியிருந்தபோது உரத்து வாசித்தாராம். விதானையார் நல்லவர்தான், ஆனால் அரசாங்கப் பாஷையைக் கண்டால் எழுந்து நிற்கிற சாதி. 'சகலருக்கும் அறியத் தருவதாவது' என்று தொடங்கினால் அவருக்கு அது வேதம். 'படைக்கு எடுக்கப்படும்' வரை வாசித்துவிட்டு, "மிச்சம் கப்டன்மாருக்குரியது, எங்களுக்கில்ல" என்று மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் தோணியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைப்பது புதிய விஷயம் அல்ல. ஓட்டம் இல்லாத நாட்களில், வெயிலுக்கு மரம் வெடித்துவிடாமல், கல்லை ஏற்றிக் கரையோரம் தாட்டு வைப்பார்கள். ஆகவே யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. மிதக்கிற தோணியைத்தானே எடுப்பார்கள். அமாவாசைக்கு முந்தி ஊரிலிருந்த ஒன்பது தோணியும் கண்டல் மரத்து வேர்களுக்குள் கல்லும் சேறும் நிரம்பித் தாண்டுபோயின. அடுத்த சனிக்கிழமை நான் ஆரையம்பதிக் கரையில் வந்து நின்றால் ஏற்றிப்போக ஒரு தோணி இல்லை. சுற்றிப்போய் அரசாங்கப் பாதையில், பயணிகளை ஏற்றுகிற அந்தப் பெரிய மிதவையில், வாவியைக் கடந்து, நாலு மைல் நடந்து வீட்டுக்குப் போனேன். அது பகிடி என்று சொல்லியும் யாரும் தோணியைக் கிளப்பவில்லை, அச்சில் வந்ததை அச்சில்தான் மாற்ற வேண்டுமாம்.

திங்கட்கிழமை அவரிடம் சொன்னேன். அவர் கராம்பை மெல்ல மறந்துபோனார்.

"ஒம்பதா? ஒம்பது தோணியும் தாண்டுபோச்சா? தம்பி, இதுக்கு மேல ஒரு பகிடி நான் செய்ய ஏலாது!"

"ஐயா, என்ட பொஞ்சாதிக்கு மாசம் கிட்டிட்டு. ஒரு அவசரமெண்டா கடக்கத் தோணி இல்ல. பொய்யெண்டு ஒரு வரி போடுங்க."

போட்டார். அதை நான் மறைக்கமாட்டேன். கேட்ட உடனேயே எழுதித் தந்தார், ஒரு நக்கலும் இல்லாமல்: 'சென்ற இதழில் வெளியான தோணி அறிவித்தல் பகிடிக்காக எழுதப்பட்டது. உண்மை அல்ல. தோணிகளை மிதக்க விடலாம்.' நான் நூலால் கட்டி வைத்திருந்த தலைப்பை எடுத்து அதற்கு மேலே வைத்தேன். வைக்கும்போது எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை, அவருக்கும் உறைக்கவில்லை.

ஊரில் அதை வாசித்ததும் விதானையார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "திருத்தத்தில வாறத எப்பிடி வாசிக்கிறதெண்டு எங்களுக்குத் தெரியாதா? மிதக்க விட்டா அள்ளிக்கொண்டு போவானுகள் எண்டு மனுஷன் சாடையாச் சொல்றாரு." நான் கோயில் வாசலில் நின்று, அறிவித்தலைக் கோத்தவன் நான், அது பொய், சத்தியம் என்று சொன்னேன். "நீ அவரிட ஆள்தானே" என்றார்கள். அரக்கு உருக்கியதும் இந்தியாக் கடிதம் எழுதியதும் ஊருக்குத் தெரியும். அவற்றைச் சொல்லிச் சிரித்தவன் நானேதான்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை அவரும் என்னோடு வெளிக்கிட்டார். எதற்கென்று கேட்க வேண்டியதில்லை. "விதானையிட முகத்தப் பாக்காம விட ஏலுமா தம்பி?" என்றார். பாதையில் கடந்து, நாலு மைலும் அந்த மெலிந்த உடம்போடு என்னிலும் கெதியாக நடந்தார். ஊர் எல்லையில் என் மாமி, பெண்சாதியின் தாய், தலை விரிந்தபடி எதிரே ஓடிவந்தா.

"மருமகன், விடியக்காலத்தால தொடங்கி நோகுது. புள்ள குறுக்கால கிடக்காம். மருத்துவிச்சி தன்னால ஏலாதெண்டுட்டா. வண்டியில ஏத்தினா வழியில செத்துப்போவாளாம். தோணிதான். கெதியா ஒரு தோணி புடிங்க."

நான் கரைக்கு ஓடினேன். சனிக்கிழமை என்பதால் ஆண்கள் எல்லோரும் அங்கே கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்கள், விதானையாரும் இருந்தார். ஒரு தோணியை மேலே எடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டோடு வந்துகொண்டிருந்தவரைப் பார்த்தார்கள்.

"எங்கள்ட ஏது தோணி? அது போன மாரியோட உடைஞ்சுபோச்சே" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"புள்ளப்பெறுறதையும் விட்டு வெக்கல்ல பாத்தீங்களா, அதிலயும் பகிடி" என்றார் விதானையார். "ஆரும் எழும்பிராதீங்க. தோணி மிதந்தா அடுத்த கிழம பேப்பரில நாங்கதான்."

அவர் முன்னால் வந்தார். கண்ணாடி போட்டிருந்தார், விதானையாரைப் பார்ப்பதற்காக வழியிலேயே எடுத்துப் போட்டது. "விதானையார், இது பகிடியில்ல" என்றார். "நான்தான் எழுதின. முழுக்கப் பொய். தோணிய எடுங்க, அந்தப் புள்ள சாகப்போகுது."

கரை முழுக்கச் சிரித்தது. ஒன்பது வருடமாக அந்த வாயிலிருந்து நேரான ஒரு வார்த்தை வந்ததை அவர்கள் கேட்டதில்லை. அவர் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்தார். "சத்தியமாச் சொல்றன்" என்றார். அந்தக் குரலும் அந்தக் கைப்பிடியும் எல்லோருக்கும் பழக்கமானவை, அதற்குப் பிறகு என்ன வரும் என்றும் தெரியும். கிழவர் ஒருவர் கையை உதறிக்கொண்டு, "எங்கட முகத்தில இண்டைக்கு ஒண்டும் கிடையாது, போங்க" என்றார். அதற்கும் ஒரு சிரிப்பு.

அவர் அப்படியே கோட்டோடும் தொப்பியோடும் தண்ணீருக்குள் இறங்கினார். கண்டல் வேருக்குள் நெஞ்சளவு தண்ணீரில் காலால் தடவிப் பார்த்து, மூழ்கி, ஒரு கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எழும்பினார். கண்ணாடி முகத்தில் இல்லை. நானும் குதித்தேன். இரண்டு பேருமாகக் கல்லைத் தூக்கித் தூக்கி எறிந்தோம். ஒரு தோணியை இரண்டு பேரால் கிளப்ப முடியாது. அவர் சேற்றைக் கையால் வாரியபடி, "பொய்டா, நான் எழுதினது பொய்டா" என்று கத்தினார். கரையில் கைதட்டினார்கள். சிலர் சிரிப்புத் தாங்காமல் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

மாமி வந்தா. ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து இரண்டு கையாலும் மணலை அள்ளி, அந்த ஆண்கள்மேல் தூற்றினா. "என்ட புள்ள சாகுதுடா, சிரிங்கடா" என்றா.

அவவைத் தெரியாதவர் அங்கே இல்லை. சிரிப்பு நின்றது. பத்துப் பன்னிரண்டு பேர் தண்ணீருக்குள் இறங்கினார்கள், முதலில் இறங்கியவர் விதானையார்.

பெண்சாதியைப் பாயோடு தூக்கித் தோணியில் கிடத்தினோம். அத்தனை நாள் சேற்றுக்குள் கிடந்த தோணி, பொருத்தெல்லாம் தண்ணீர் கசிந்தது. இரண்டு பேர் சவளம் போட்டுத் தோணியைத் தள்ளினார்கள். அவர் பின்பக்கம் குந்தியிருந்து தொப்பியால் தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே ஊற்றினார். நடு வாவியில் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அழவில்லை. மாமி அதைத் தன் சேலைத் தலைப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டா. ஒரு மணித்தியாலத்துக்கு முந்திக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் இத்தனை வருடமாக என்னைத் தின்கிறது.

நான் அவரைப் பார்த்தேன். போடியார் முகம், சட்டம்பியார் முகம், எல்லாவற்றையும் கிட்டப் போய் நின்று பார்த்த மனுஷன் தன் முகத்தை எப்படி வைத்திருக்கிறான் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. ஆரையம்பதிக் கரை வரும் வரை பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் ஒரு தடவைகூட நிமிரவில்லை. தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டே இருந்தார். தோணி கரை தட்டிய பிறகும் ஊற்றிக்கொண்டிருந்தார்.

காத்தான்குடிக்குப் போகிற முஸ்லிம் வண்டிக்காரர் ஒருவர், காக்கா என்போம், மூட்டைகளை வழியில் இறக்கிப்போட்டுவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனார். அவள் பிழைத்தாள். பிறகு மூன்று பிள்ளை பெற்றாள். அந்த முதற் பிள்ளையைப் பற்றி இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அறிவித்தலை யார் கோத்தது, யார் ஊருக்குக் கொண்டுவந்தது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

அடுத்த வியாழக்கிழமை அவர் வந்தார். கராம்பு மணம் இல்லாததால் படியேறி வந்ததை நான் கவனிக்கவில்லை. ஒரு சின்னத் தாளை எழுத்துத் தட்டின்மேல் வைத்தார். நான் வாசித்தேன். தோணி விஷயத்தில் நடந்தது முழுவதும் இருந்தது, பிள்ளையும் இருந்தது. வளைவு சுளிவு ஒன்றும் இல்லாத ஆறு வரி. அவர் எழுதியதிலேயே அதுதான் நல்ல எழுத்து என்று எனக்குத் தெரிந்தது, அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"எதுக்குக் கீழ போடுறது?" என்று கேட்டேன்.

அவர் ஓரத்திலிருந்த 'திருத்தம்' தலைப்பைப் பார்த்தார்.

"சிரிப்பானுகள்" என்றேன். "என்ட புள்ளையப் பாத்தும் சிரிப்பானுகள்."

கட்டி வைத்திருந்த தலைப்பை எடுத்தேன். நூலை அவிழ்த்து, எழுத்தெழுத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதன் அறைக்குள் போட்டேன். பூவேலைக் கரையையும் பிரித்துப் போட்டேன். அவர் பக்கத்தில் நின்று என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் தாளை எடுத்து மடித்துக் கோட்டின் உள்பையில், முன்பு கண்ணாடி இருந்த இடத்தில், வைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு பத்திரிகை வரவில்லை. அவர் எங்கே போனார் என்று நான் விசாரிக்கவில்லை.

வாசிகசாலைக்காரர்கள் என் ஒன்றரைப் பக்கத்தை வாங்கிக்கொண்டு எழும்பினார்கள். வாசலில் செருப்பை மாட்டும்போது இளையவர் திரும்பினார். "ஐயா, அவர் கோட்டோட வாவிக்குள்ள இறங்கி, பொய்டா பொய்டா எண்டு கத்தின பகிடி ஒண்டு இரிக்காமே. அதுதான் எல்லாத்திலயும் பெரிசாம். நீங்களும் நிண்டீங்களாமே?"

"ஓம். நிண்ட நான்" என்றேன்.

இரண்டு பேரும் சிரிக்கத் தயாராகிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.